பயன்படாதவை

நித்திலனை அவன் வீட்டுக் கதவே வெளியில் நிறுத்திவிட்டது. வேறு யாரையும் திட்ட முடியாது, வினை அவனுடையதுதான். இலவசம் என்றால் இரண்டாகக் கொடு என்று கேட்கிற ஆள் அவன். அப்படி வாங்கியதுதான், புரோகிராமர்களுக்காக யாரோ புண்ணியவான் சும்மா கொடுத்த ஒரு மென்பொருள் கருவி. புரோகிராமில் எந்தப் பகுதியும் கூப்பிடாமல், பயன்படாமல் கிடக்கும் வரிகளைத் தேடித் தேடி அழிக்கும். ஆபீஸில் அதன் வேகத்தில் மயங்கி, வீட்டை நடத்தும் கணினியிலும் ஏற்றிவிட்டான். முதலில் வீட்டுப் பட்டியலிலிருந்து பழைய காப்பி மெஷினை நீக்கியது. பிறகு பால்கனி விளக்கை. இன்று அவனை.

“இந்த வீட்டில் அப்படி யாரும் இல்லை, மன்னிக்கவும்,” என்றது கதவு, ரொம்ப மரியாதையாக.

அவன் தட்டினான். உள்ளே அவன் மனைவி ஷாலினி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

“ஷாலு, நான்தான்! ஓசில வந்தது புத்தியைக் காட்டிடுச்சு பாரு. வீட்டுக்காரனையே குப்பைல தள்ளிடுச்சு!”

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தான்.

“அதுல ஏதோ கோளாறு போல. நம்மளைக் கேக்காம எதையும் அழிக்கவே அழிக்காது அது. நீ என் பேரைத் திரும்பச் சேத்துடு, போதும்.”

அவன் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டான். குரல் இறங்கிவிட்டது.

“ஷாலு… உன்னைக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு நித்தி. இவரை இந்த வீட்ல யாரும் கூப்பிடறதே இல்லையே, எடுத்துடலாமான்னு கேட்டுச்சு. சாப்பிட வா, பேச வான்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு நான்தான் விட்டுட்டேனே. யோசிச்சுத்தான் சரின்னேன்.”