417ஆம் எண் கலயம்

இது போன வாரம் செய்த கலயம் என்று நான்காவது முறையாகச் சொன்னாள்.

ஆவுடையப்பன் அதைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் வெள்ளைப் பூச்சு. அதன்மேல் கறுப்பு மையில் 417. எண் அழியாமலிருக்க வார்னிஷ் வேறு.

"நம்பர் போட்டாச்சு டீச்சர். ஏட்டுலயும் ஏத்தியாச்சு."

"தப்பா ஏத்திட்டீங்க சார்."

"தப்போ சரியோ, ஏறிட்டுல்லா."

ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன அருங்காட்சியகம். அவர் காப்பாளர். முப்பது வருஷம் தாலுகா அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்தவர்.

அவள் கோடை முகாமில் மண்பாண்டம் சொல்லிக்கொடுக்க வந்தவள். மே மாதம் மட்டும்.

காட்சிப் பெட்டியில் இருக்கும் பழைய கலயத்தைப் பார்த்து அதேபோல் ஒன்று செய்ய வேண்டும். இருபத்திரண்டு பிள்ளைகள் செய்தார்கள். பின்கட்டில் உமி மூட்டம் போட்டுச் சுட்டு, மாடியில் கோணி விரித்துப் பரப்பியிருந்தாள்.

குளம் தூர்வாரியபோது கிடைத்த பழைய பானைகளும் ஓடுகளும் அந்த வாரம்தான் வந்தன. அவற்றையும் கழுவி, அதே மாடியில், பக்கத்துக் கோணியில் காயவைத்தார்கள்.

அவர் எண் போட உட்கார்ந்தது அவள் வராத ஞாயிற்றுக்கிழமை.

இருபத்திரண்டில் ஒன்றே ஒன்றைத்தான் பழசென்று எடுத்திருந்தார். சுகிர்தா செய்தது. இருப்பதிலேயே கோணலானது.

பிள்ளைகளுக்கு மாதிரி காட்ட அவள் செய்த கலயமும் அங்கேதான் இருந்தது.

அதை அவர் தொடவில்லை.

அதை இப்போது நினைக்கக் கூடாது.

சுகிர்தா வாசலில் நின்றாள். ஒன்பது வயது. மற்ற பிள்ளைகள் தங்களுடையதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வேனுக்குப் போய்விட்டார்கள். இவள் கையில் செய்தித்தாள் மட்டும் இருந்தது. முகாம் இன்றோடு முடிகிறது. அவள் ஊரிலிருந்து வேன் இனி அடுத்த கோடைக்குத்தான்.

"மிஸ், என்னோடது ஒடஞ்சுட்டா?"

"ஒடயல. இரு."

"எல்லாரும் ஏறிட்டாவ மிஸ்."

ஏட்டிலிருந்து நீக்க ஒரு படிவம் உண்டாம். அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார்.

இப்பொருள் பழம்பொருள் அன்று. காட்சியிலுள்ள எதையும் ஒத்ததும் அன்று.

கீழே, சான்றளிப்பவர் கையொப்பம்.

"நான்தான் சார் சொல்லிக்குடுத்தேன். பக்கத்துலயே நின்னு."

"நீங்க வாயால சொல்லுதீய. நாளைக்கு ஒருத்தன் கேட்டா ஃபைல்ல என்னத்தக் காட்ட?"

பையில் மதிப்பெண் தாள் இருந்தது. யாரும் கேட்காமல், அவளாகவே கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எழுதியது. பிள்ளைகளிடம் காட்ட மனம் வராமல் மடித்தே வைத்திருந்தாள். வடிவம். மெருகு. மூலத்தோடு ஒப்புமை.

சுகிர்தாவின் பெயருக்கு நேரே, ஒப்புமையில், பத்துக்கு இரண்டு.

குறிப்பு: கழுத்தில் வேண்டாத நகக்கீறல். மூன்று முறை சொல்லியும் வழித்துவிடவில்லை.

எடுத்து நீட்டினாள். ஆவுடையப்பன் இரண்டு தடவை படித்தார். முகம் தெளிந்தது.

"இத மொதல்லயே குடுத்திருந்தா ஒரு மணி நேரமா தொண்டத்தண்ணி வத்தியிருக்காதுல்லா. ஒத்துப் போச்சுன்னா இங்க இருக்கணும். ஒத்துப் போகலன்னா கொண்டுபோலாம். போங்க, அந்தப் பெட்டியில உள்ள கலயத்தோட நம்பர எழுதிட்டு வாங்க."

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

காட்சிப் பெட்டி அவள் நெஞ்சளவு உயரம். எண் எழுதிய அட்டை அடித்தட்டில், கலயத்தின் நிழலுக்குள் கிடந்தது. குனிந்து பார்த்தாள். தெரியவில்லை.

முழங்காலிட்டாள்.

எண்ணை எழுதிக்கொண்டு தலையைத் தூக்கினாள்.

கலயத்தின் வாய் வெளிப்பக்கமாக மடிந்திருந்தது. அந்த மடிப்புக்குக் கீழே, கழுத்தைச் சுற்றி, பிறை பிறையாக நகக்குறிகள்.

நின்று பார்க்கும் பெரியவர்களுக்கு விளிம்பு மறைத்துவிடும். மாதம் முழுக்க அவள் நின்றுதான் பார்த்திருந்தாள்.

வரிசை ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் மண்.

மேசைக்கு வந்து 417ஐக் கையில் எடுத்தாள். மெல்லச் சுற்றினாள்.

நகக்குறி. நகக்குறி. நகக்குறி.

வெறும் மண்.

"என்ன டீச்சர், போடுங்க. வேன்காரன் நிக்க மாட்டான்."

மதிப்பெண்ணைத் திருத்தினால் கலயம் இங்கேயே இருக்கும். கையெழுத்துப் போட்டால் அந்தப் பத்துக்கு இரண்டு இங்கேயே இருக்கும்.

ஒரு மணி நேரமாக அவர்மேல் இருந்த எரிச்சல், இப்போது போக இடம் தெரியாமல் நின்றது.

ஹாரன் நீளமாக அடித்தது.

போட்டாள். பேனா முனை தாளைக் கிழித்தது.

அவர் முத்திரை குத்தினார். ஈரம் காய ஊதினார். படிவத்தோடு மதிப்பெண் தாளையும் சேர்த்துக் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினார்.

சுகிர்தா கலயத்தைத் தரையில் வைத்து, செய்தித்தாளில் நிதானமாகச் சுற்றினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். படியிறங்கியவள் நின்றாள்.

"எனக்கு எத்தன மார்க் மிஸ்?"

"பத்து."

சத்தமாகவே சொன்னாள்.

"பத்துக்குப் பத்து."

பின்னால் நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.

"டீச்சர்."

"ஓடு," என்றாள் சுகிர்தாவிடம். "ஓடிப் போய் ஏறு."

வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டாள். வேன் தெருமுனை தாண்டும்வரை எடுக்கவில்லை.