டம்ளர் இருந்த அலமாரி

காளிகாட்டில் ஞாயிறு மதியம் மூன்று மணி. ஜன்னல் கம்பிகளின் நிழல் டிவி மேல் கோடுகோடாக விழுந்திருக்க, பழைய அமெரிக்கப் படத்தில் ஒரு கிழட்டு துப்பறிவாளரும் அவருடைய இளம் கூட்டாளியும் கொலை நடந்த வீட்டைக் குடைகிறார்கள். பிரம்பு நாற்காலியில் விஜிலன்ஸ் அதிகாரி ரங்கராஜன். "கொலைகாரன் அந்தக் கடைக்காரன்தான். முழியே சொல்கிறதே! எனக்கு இருபது வருஷ சர்வீஸ்!" என்று பக்கத்து வீட்டு கோஷ் பாபுவுக்குப் பெங்காலியில் அறிவித்தாயிற்று. போன இரண்டு ஞாயிறும் சொன்னது பலிக்காததால், இன்று அவருடைய மானம் முழுக்கக் கடைக்காரன் கையில். தரையில் உட்கார்ந்து கொத்தவரங்காய்க்கு நார் உரிக்கும் சகுந்தலா தமிழில் சொல்கிறாள்: "ஏன்னா, அந்தச் சின்னவன்தான். அந்த வீட்டுக்கு முதல் தடவையா வரானாம். தண்ணி குடிக்க டம்ளரைத் தேடவே இல்லையே, நேரா அந்த அலமாரியத் திறக்கறான்." "பௌதி, அண்ணி என்ன சொல்கிறார்?" என்கிறார் தமிழ் தெரியாத கோஷ் பாபு. "காய் முற்றிவிட்டதாம்," என்று மொழிபெயர்க்கிறார் ரங்கராஜன். கோஷ் பாபு அனுதாபத்தோடு காயைப் பார்க்கிறார். மின்விசிறி கிறீச்சிடுகிறது. திரையில் கிழவர் பெருமூச்சு விட்டு, விலங்கை எடுத்து இளைய கூட்டாளியின் கையிலேயே மாட்டுகிறார். "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது," என்று ரங்கராஜன் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார். சகுந்தலா தலை நிமிராமல், கரியாஹாட் சந்தையில் பேரம் பேசிப் பழகிய பெங்காலியில், டம்ளர் விஷயத்தைக் கோஷ் பாபுவுக்கு நேரடியாகவே சொல்லி முடிக்கிறாள். கோஷ் பாபு எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கி, அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்.