பார்ட் வரவில்லை

“பார்ட் இன்னும் வரலைங்க மேடம்” என்றாள் சர்வீஸ் சென்டரின் கவுன்டர் பெண்.

பன்னிரண்டாவது நாளாக அதே பாட்டு. லேப்டாப்பைக் கொடுத்திருந்த ஆராய்ச்சி மாணவி உள்ளே எட்டிப் பார்த்தாள். மெக்கானிக்கின் மேஜையில் பிரித்த பெட்டி ஒன்று கிடந்தது. அதில் அவள் பெயர். வந்த தேதி, அவள் லேப்டாப்பைக் கொடுத்த மறுநாள்!

“யாருக்குக் காது குத்துறீங்க? அந்தப் பெட்டியில வந்தது என்ன, பலகாரமா? ஆறு வருஷமா எறும்பு பின்னாடி அலைஞ்சு எடுத்த குறிப்பு மொத்தமும் அந்த லேப்டாப்லதான் இருக்கு. நாளைக்கு நான் தீசிஸ் குடுக்கணும்!”

லேப்டாப்போடு வெளியே வந்த மெக்கானிக், மேனேஜர் அறையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க ஹார்ட் டிஸ்க் சாகக் கிடந்துச்சும்மா. பழசைத் தொடாம புதுசை மாட்டிக் குடுக்கணும்னு கம்பெனி ரூல். அப்படிச் செஞ்சிருந்தா மறுநாளே வெறும் பெட்டியா வாங்கிட்டுப் போயிருப்பீங்க.”

“அப்போ என் குறிப்பெல்லாம்?”

“பழசு ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம்தான் மூச்சு விடும், அப்புறம் சூடாகி மயங்கிடும். ஆறவெச்சு ஆறவெச்சு ஒவ்வொரு ஃபைலா எடுத்தேன். கிடைக்கும்னு சொல்லிட்டு, கிடைக்காமப் போயிருந்தா?”

திறந்து காட்டினார். ஆறு வருடத்து எறும்புகளும் திரையில் வரிசை கலையாமல் நின்றன.

அவள் அவசரமாகக் கைப்பேசியை எடுத்தாள்.

“சார்... காலையிலதான் உங்க மேல மேனேஜருக்குப் புகார் அனுப்பினேன். இப்பவே வாபஸ் வாங்கிடறேன்.”

“ஐயய்யோ, அதை மட்டும் செஞ்சிடாதீங்க! பன்னெண்டு நாள் இழுத்தடிச்சும் கஸ்டமர் சந்தோஷமா போறாங்கன்னா, மனுஷன் ஏன்னு நோண்ட ஆரம்பிச்சுடுவார்.”