கொசுறுப் பூ

முதலாளியம்மா இறந்ததிலிருந்து அவர் படத்துக்குத் தினமும் மூன்று முழம் மல்லிகை வாங்கி வருவது டிரைவர் ஏகாம்பரத்தின் வேலை. பூக்காரி முழம் போட்டு முடித்ததும் ஒரு சாண் கொசுறு விடுவாள். அதை மட்டும் தனியாக நறுக்கி வாங்கி, மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போவான். மனைவி குமுதா முதுகைக் காட்டி உட்காருவாள். அவன் வைத்துவிடுவான். அளந்த பூ அளந்தபடி போய்ச் சேருகிறதே, இதில் என்ன தப்பு என்றுதான் நினைத்திருந்தான்.

ஒருநாள் படத்துக்குச் சரத்தைப் போடும்போது கவனித்தான். படத்துக்குள் அம்மாவின் காதோரம் எப்போதும் எட்டிப்பார்க்கும் ஒற்றை மல்லிகை மொட்டைக் காணவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான். அங்கே வெறும் கறுப்பு முடிதான் இருந்தது.

முதலாளியிடம் போய் நின்றான். "கொசுறை இத்தனை நாளா நான்தாங்க எடுத்துக்கிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அளந்த பூவை அவ சாமிக்குப் போட்டுடுவா. தலையில வச்சுக்கிட்டதெல்லாம் கொசுறுதான். எனக்கே மறந்துபோச்சு பாரு."

மறுநாள் அந்தச் சாண் பூவையும் படத்தில் செருகிவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான். குமுதா வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இன்னைக்குப் பூ இல்ல, குமுதா."

அவள் கொண்டையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "வச்சுவிட்டுட்டு இல்லைங்கறீங்களே!"

ஏகாம்பரம் இன்னும் வாசற்படியிலேயே நின்றிருந்தான்.