சொல்லக் கூடாத முடிவு

"சொல்ல முடியாதுன்னா என்ன அர்த்தம் டாக்டர்? ரிசல்ட் உங்க கையிலதானே இருக்கு!"

நோரீன் போட்ட சத்தத்தில் பரிசோதனைக்கூடமே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் பர்ச்ஃபீல்ட் தலை நிமிரவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் அந்த மருத்துவமனையின் மரபணுப் பிரிவுக்குப் பதினெட்டு வருடமாக அவர்தான் தலைவர். அவர் முன்னால் ஒரு கம்பெனியின் வக்கீல் அனுப்பிய கடிதம் விரிந்து கிடந்தது.

"லெட்டரைப் படிச்சே இல்லையா? அந்த மரபணுவுக்கு அவங்க காப்புரிமை வாங்கியிருக்காங்க. அதைப் பரிசோதிச்சு நோயாளிகிட்ட முடிவு சொல்ற உரிமை அவங்களுக்கு மட்டும்தானாம். மீறினா கேஸ். இன்னையோட நிறுத்திடறோம்."

"காப்புரிமையா? அது லொரெட்டா உடம்புல இருக்கிறது டாக்டர். அவங்க அம்மா வயித்துலேருந்து கொண்டு வந்தது. கம்பெனிக்காரனா செஞ்சு குடுத்தான்?"

யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

லொரெட்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வயது நாற்பத்தொன்று. தாயும் அக்காவும் மார்பகப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அடுத்தது நானா என்று தெரிந்துகொள்ளத்தான் இங்கே ரத்தம் கொடுத்திருந்தாள். கம்பெனியிலேயே பரிசோதித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவர்கள் கேட்கிற கட்டணத்துக்கு அவள் எங்கே போவாள்?

அந்த ரத்தத்தைப் பரிசோதித்தவள் நோரீன். மரபணுவில் குறை இருந்தது; புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம். அவளுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் அது தெரியும்.

"ரெண்டு பிள்ளைங்க இருக்கு டாக்டர் அந்தம்மாவுக்கு. ஒரே ஒரு போன் போட்டுச் சொல்லிடலாமே."

"யாரும் போன் போடக் கூடாது. இங்க இருக்கிற யாரும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. இது உத்தரவு."

"உங்க பதவிக்கு ஆபத்துன்னு பயமா? இவ்வளவு படிச்சும் கடைசில முதுகெலும்பு இல்லாமப் போச்சே உங்களுக்கு! இப்படி ஒரு கோழைகிட்ட ஆறு வருஷம் வேலை பார்த்தேன்னு வெளியில சொல்லிக்கவே கூசுது."

டாக்டர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எல்லாரும் வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டின்போது நோரீனுக்கு ஏகப்பட்ட பாராட்டு. "எங்க எல்லார் மனசுல இருந்ததையும் நீ ஒருத்தி சொல்லிட்டே" என்றார்கள். அன்றிலிருந்து டாக்டருக்கு யாரும் காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. லிஃப்ட்டில் அவர் நின்றால் இவர்கள் படியேறிப் போனார்கள்.

அன்று சாயங்காலமே லொரெட்டாவைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நோரீன் நினைத்தாள். விலாசத்தைக்கூடக் குறித்துக்கொண்டாள்.

ஆனால், கேஸில் பெயர் அடிபட்டால் அப்புறம் எந்தப் பரிசோதனைக்கூடம் சேர்த்துக்கொள்ளும்? முதலில் வேறு வேலை அமையட்டும், அடுத்த நிமிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பாஸ்டனில் வேலை உறுதியாக ஆறு வாரம் ஆயிற்று.

ராஜினாமாவை டாக்டரின் மேஜையில் வைத்தாள். அவர் படித்துப் பார்த்தார். "கெட்டிக்காரி நீ. போற இடத்துல நல்லா இரு" என்றார். அவள் திரும்பி நடந்தாள். நேரே லொரெட்டாவின் வீட்டுக்குத்தான்.

கதவைத் திறந்த லொரெட்டா ரொம்ப இளைத்திருந்தாள்.

"நான் டாக்டர் பர்ச்ஃபீல்டோட லேப்ல வேலை பார்த்தேன். இன்னையோட விலகிட்டேன். உங்க ரிசல்ட் வந்துடுச்சு. அதை உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர் தடுத்துட்டாரு. எனக்குத்தான் மனசு கேட்கலை."

"உள்ள வாம்மா, உட்காரு" என்றாள் லொரெட்டா. இடது கையாலேயே காபி ஊற்றினாள். வலது கையைத் தூக்க முடியவில்லை.

"மார்பை எடுத்துட்டாங்க. மூணு வாரமாச்சு. உள்ள பட்டாணி அளவுக்கு ஒண்ணு ஆரம்பிச்சிருந்துச்சாம். நல்லவேளை, பரவலை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எங்கக்கா கதிதான்னு சர்ஜன் சொன்னாரு."

நோரீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"டாக்டர்தான் வந்து சொன்னாரு. வக்கீல் லெட்டர் வந்துச்சாமே, அன்னிக்குச் சாயங்காலமே. கொட்டற மழையில நனைஞ்சுகிட்டு வந்து நின்னாரு மனுஷன். சர்ஜனையும் அவரே பேசி ஏற்பாடு பண்ணினாரு. 'யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. கேஸ் வந்தா அது என்னோட போகட்டும். என்கிட்ட வேலை பார்க்கிற பிள்ளைங்களுக்கு இது தெரியவே கூடாது, தெரிஞ்சா அவங்களையும் கோர்ட்டுக்கு இழுப்பாங்க'ன்னாரு. நீ அங்கேருந்து விலகிட்டேன்னு சொன்னதாலதான் உன்கிட்ட சொல்றேன்."

நோரீன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

லொரெட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அவருக்கு நீ மட்டும் என்ன குறைச்சல் கண்ணு? வாழ வேண்டிய வயசு. இருந்தும், விஷயம் தெரிஞ்ச உடனே வேலையை உதறிட்டு என்னைத் தேடி ஓடி வந்திருக்கியே! இந்தத் தைரியம் யாருக்கு வரும்?"

தெரிந்து ஆறு வாரம் ஆயிற்று என்று சொல்ல நோரீனுக்கு வாய் வரவில்லை.