பிரகாசி வீட்டு ஃபிரிட்ஜ்

தவக்காலம் தொடங்கி, பிரகாசி மீன் வாங்குவதை நிறுத்திய வாரத்திலேயே ஃபிரிட்ஜில் குளிர் நின்றுபோனது. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கும்மா," என்று பெங்களூரிலிருந்து மகன் சொன்னான். அவளுக்கு மனம் வரவில்லை. கணவர் இறந்த பிறகு, "சாப்டீங்களாக்கா?" என்று அவளைத் தினமும் கேட்பது அந்த ஃபிரிட்ஜ் ஒன்றுதான். ரிப்பேர் செய்தே தீருவது என்று மெக்கானிக் மைதீனை வரவழைத்தாள்.

மைதீன் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. அதுவாத்தான் குளிரை நிறுத்தியிருக்கு. வேற வீட்டுக்கு மாத்தச் சொல்லி கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கு."

பிரகாசி ஃபிரிட்ஜின் பக்கம் திரும்பினாள். "நடிச்சியா? உனக்குச் சொகமில்லன்னு மாதா கோயில்ல மெழுகுத்திரி ஏத்திட்டு வந்தேனே, பாவி!"

"கோவிச்சுக்காதீங்கக்கா," என்றது ஃபிரிட்ஜ். "ஒத்த ஆளு, ஒரு டம்ளர் மோரு. நானும் எத்தன நாளைக்கு வெறும் வயிறா நிக்க?"

போகிறேன் என்று சொல்லிவிட்ட பொருளைப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை. மறுநாள் காலை அதை எதிர் வீட்டுக்கே தூக்கிப் போனார்கள். அங்கே ஆறு பேர். எங்கும் இடித்துவிடக் கூடாதே என்று பிரகாசிதான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் அவள் தட்டோடு உட்கார்ந்தபோது, எதிர் வீட்டிலிருந்து அதே குரல் அதே இழுப்போடு கேட்டது.

"சாப்டீங்களாக்கா?"

"சாப்புடுதேன்," என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.