லிஃப்ட்டில் ஒரு வகுப்பு

லிஃப்ட் பாதியில் நின்றதுமே அவளுடன் வந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. கதவைத் தட்டு தட்டென்று தட்டினார். வங்கி கேஷியரான அவளுக்கும் பயம்தான். ஆனாலும் அவரை அப்படியே விடுவதாக இல்லை.

“சார், உட்காருங்க. கண்ணை மூடித் தோளைத் தொங்க விடுங்க. உடம்பு ஆடினா ஆடட்டும், அடக்காதீங்க. உள்ளங்கை சூடாகும், அதுதான் உள்ள இருக்கிற சக்தி.”

“என்னால முடியாதும்மா.”

“முடியும். நான் விடப்போறதில்ல.”

திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் நடுக்கம் அடங்கியது. லிஃப்ட்டும் நகர்ந்தது.

“எங்கம்மா கத்துக்கிட்டீங்க?”

“எங்கயும் இல்ல சார். உங்க தலைக்கு மேல ஒட்டியிருக்கிற தியான வகுப்பு நோட்டீஸைத்தான் படிச்சேன். அந்த வகுப்புல சேரத்தான் மேல போறேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பையிலிருந்து வகுப்பறைச் சாவியை எடுத்தார்.

“அதை எழுதினது நான்தான். பலிக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது.”